சரிவு: சுழியம்

திருப்பாப்புலியூரில்
ஜெராக்ஸ் கடைக்கு மேல்மாடியில் உட்கார்ந்து
மலை வரைகிறேன்.
கடல் மட்டத்திலிருந்து எட்டு மீட்டர்,
அதில் நாலு மீட்டர் மாடிப்படி.

ஒப்பந்தத்தில் இருப்பது ஒரு பள்ளத்தாக்கு.
கோப்பில் அதற்குப் பெயர் பதினேழு.
சரிவுக் கோணம், மண்ணின் ஆழம்,
ஓடை எத்தனை தூரம்,
சாலைக்காக வெட்டிய இடம், தேயிலைக்காக வழித்த இடம்
ஒவ்வொன்றும் ஒரு தாள்.
தாள்மேல் தாளாக அடுக்கினால்
நிறம் ஊறி வரும்.
பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு.

மேகம் குறைந்த நாளின் படத்தைத்தான்
தேடி இறக்குவோம்.
மழை என்ன செய்யும் என்று கேட்க
மழை வராத நாளிடம் போகிறோம் என்றேன்.
"மேகத்தைத் துளைக்கிற படமும் இருக்கு,
படிக்கத்தான் நமக்குத் தெரியாது"
என்றாள் தில்லைக்கரசி, முறுக்கைக் கடித்தபடி.

பழைய சரிவுகளைக் குறிப்பது என் வேலை.
காட்டு நடுவே நகக்கீறல் மாதிரி ஒரு பழுப்பு.
சுற்றிக் கோடு இழுத்து மூடப்
பதினொரு சொடுக்கு.
ஒருமுறை பெள்ளன் மேலிருந்து கூப்பிட்டார்:
"சார், நாற்பத்தி மூணாம் நம்பர் சரிவு இல்ல.
பசங்க பந்து ஆடற எடம்.
கோல் போஸ்ட் இருக்கு, பாருங்க."
பெரிதாக்கிப் பார்த்தேன்.
பத்து மீட்டருக்கு ஒரு கட்டம்.
கோல் போஸ்ட் அதற்குள் எங்கோ கரைந்திருந்தது.

ஒரு மதியம், விளையாட்டாக,
எங்கள் மாவட்டத்தை உள்ளே போட்டேன்.
கேப்பர் மலையின் செம்மண் அரிப்பில்
நாலைந்து மஞ்சள் புள்ளி.
நெய்வேலியில் சுரங்கம் தோண்டிக் கொட்டிய மேடுகள்
நல்ல சிவப்பு.
கொட்டிய மண்ணை மலை என்றே நம்பிவிட்டது கணினி.
மீதி அத்தனையும் பச்சை.
தேவனாம்பட்டினம் பச்சை.
எங்கள் தெரு பச்சை.
சரிவு: சுழியம். அபாயம்: மிகக் குறைவு.

எங்கள் தெருவில்
அந்த ஞாயிற்றுக்கிழமைத் தண்ணீர் நின்ற உயரத்துக்கு
யாரோ சுவரில் தார்க் கோடு போட்டார்கள்.
மூன்று தடவை சுண்ணாம்பு அடித்தும்
தார் மேலே கசிந்து வருகிறது.
எனக்கு அப்போது ஒன்பது வயது,
கோடு தலைக்கு மேல் ஒரு முழம்.
இப்போது புருவத்துக்கு வருகிறது.

பச்சை பொய் சொல்லவில்லை.
கேட்டதற்குப் பதில் சொன்னது.
நான் கேட்டதில் கடல் இல்லை.

ஐப்பசியில் பெள்ளன் மறுபடி கூப்பிட்டார்.
"கீழ் வரிசை வீடுங்களுக்கு மஞ்சள் போட்டிருக்கீங்க.
கரண்ட் கம்பம் சாஞ்சிருக்கு சார்.
ஊத்துத் தண்ணி ரெண்டு வாரமா கலங்கி வருது.
எந்த வீட்லயும் கதவு சாத்த மாட்டேங்குது."

கதவுக்கு என்னிடம் தாள் இல்லை.

"சிவப்பாக்கினால் கடன் கிடைக்காது,
கூரை மாற்றக்கூட அனுமதி வாங்க முடியாது.
எத்தனை வீடு?"
"முப்பத்திரண்டு. என்னோடது சேர்த்து."
கொஞ்ச நேரம் மழைச் சத்தம் மட்டும்.
அங்கே பெய்வதா, எங்கள் தகரத்தில் பெய்வதா
பிரித்துக் கேட்க முடியவில்லை.
"எல்லாரையும் கேட்டுட்டு சாயங்காலம் சொல்றேன்,
அதுவரைக்கும் தொடாதீங்க."

சாயங்காலம் தாண்டிவிட்டது.
அவர் எண் தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறது.
தில்லைக்கரசி பையை மாட்டிக்கொண்டு
திரையையும் என்னையும் பார்க்கிறாள்,
ஒன்றும் சொல்லவில்லை.
மின்சாரம் போய் யுபிஎஸ் கத்த ஆரம்பித்தது.
அது தாங்குவது ஆறு நிமிடம்.

நாலாவது நிமிடத்தில் சேமித்தேன்.
சிவப்பு.

கீழே ஜெராக்ஸ் கடையில் யாரோ
கெடிலத்தில் தண்ணீர் எதுவரைக்கும் வந்திருக்கிறது
என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.